இரும்பு மனிதனின் தோள்

“அதுக்குத்தான் சொல்றேன் மாப்ளே, கரண்டு ஒயரு ஓட்டுற பைப்பே போதும்னு. நாம என்ன பாலமா கட்டப் போறோம்? ரோபோ லா. ஒரு நாளு நடந்தாப் பத்தாதா?”

“பத்தும்” என்றேன். வேறென்ன சொல்வது, ஒரு நாள் நடந்தால் பத்தும்தான், மெர்டேக்கா அன்று, சுதந்திர தினத்துக் காலையில், செர்டாங் கடைத்தெரு முனையிலிருந்து திடல் வரைக்கும் நடந்து முடித்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த இரும்பு மனிதனுக்கு வேலை இல்லை, எங்கள் ரப்பர் தோட்டத்து ஆலைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கலாம், ஆனால் அதற்குள்ளே ஒரு ஆள் இருக்கப்போகிறாரே, அவருக்கு அடுத்த நாளும் வேண்டும், அதற்கடுத்த நாளும் வேண்டும்... அதை எப்படிச் சொல்வது, அந்த ஆளே எதிரில் நின்று இரண்டு குழாய்களையும் மாறி மாறித் தன் கல்யாண மோதிரத்தால் தட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போது. மெல்லிய குழாய் கோயில் மணியின் குட்டி மாதிரி கிணுகிணுக்கிறது, தடித்த குழாய் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்குகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், ஒரே பருமன், ஒரே சாம்பல் வெள்ளை, அறுத்த வாயைப் பார்த்தால்தான் வித்தியாசம், ஒன்றின் சுவர் பிஸ்கட் டின் தகரம் மாதிரி, மற்றதன் சுவர் கோப்பிக்கடைக் கோப்பையின் விளிம்பு மாதிரி. கண் எரிகிறது. நேற்று ஆலையில் ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷினின் உடைந்த காலை வெல்டிங் வைத்து ஒட்டும்போது கறுப்புக் கண்ணாடியை இறக்குவதற்கு முன்னாலேயே நெருப்பைப் பார்த்துவிட்டேன், விடிய விடிய இமைக்குள்ளே மணல், தேயிலைச் சக்கையைக் கட்டிக்கொண்டு படுத்தும் போகவில்லை, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு டவுன் இரும்புக்கடைக்குக் குழாய்ச் சுவரின் தடிமனைப் பார்க்க வந்திருக்கிறேன், பக்கத்தில் வால்டர் மச்சானை வைத்துக்கொண்டு, என் அக்காவின் புருஷனை, அந்த இரும்புக்குள்ளே நடக்கப்போகிறவரை.

ரோபோ யாருடைய யோசனை... சுப்பிரமணியம் கிராணியாருடையது, தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர், ஊர்வலக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். கிழக்கைப் பாருங்கள், ஜப்பானிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் ரேடியோவில் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு எல்லாமே ஜப்பான்தான், டெலிவிஷனில் கார் செய்கிற இரும்புக் கையைக் காட்டினார்களாம், அன்றே முடிவு செய்துவிட்டார். போன வருஷம் எங்கள் தோட்டம் மூங்கிலில் ஒரு பருந்து செய்துகொண்டு போனது, பாதி வழியில் காற்று அடித்துக் கழுத்து மடங்கிவிட்டது, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ரோட்டோரம் நின்று “கோழி வருது, ஒதுங்குங்க, சீக்குக் கோழி வருது” என்று கத்தினார்கள், பரிசுக் கோப்பையையும் அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள், இன்றுவரைக்கும் எங்கள் ஆட்கள் யாரும் அந்தத் தோட்டத்துச் சாப்பாட்டுக்கடைப் பக்கம் போவதில்லை, போனால் முட்டை வேண்டுமா என்று கேட்கிறார்களாம். அதனால் இந்த வருஷம் இரும்பு. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தலை, தகரத்தில் நெஞ்சு, நெஞ்சுக்குள்ளே லாரி பேட்டரி, கண்ணில் இரண்டு பல்பு விட்டுவிட்டு எரிய வேண்டும், அவ்வளவையும் தாங்குகிற குழாய்ச் சட்டம் ஒரு மனிதனின் இரண்டு தோள்மேல் உட்கார வேண்டும். அடியில் சின்னச் சக்கரம் வைத்துவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். “சக்கரம் வெச்சா அதுக்குப் பேரு வண்டி. ஆள் சுமந்து நடக்கணும்னு ரூல்ஸ்ல இருக்கு லா” என்றார். இன்று கிளம்பும்போதுகூட ஆபீஸ் படியில் நின்று, “ஜூலியஸ், மெலிசா கிலிசா வாங்கிட்டு வந்துராத, பெரிய நம்பராப் பாத்துக் கேளு” என்றார். இந்தக் குழாய்க் கணக்கில் நம்பர் கூடக் கூடச் சுவர் மெலிந்துகொண்டே போகும், அது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை... மெல்லியதைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நீங்கள்தானே பெரிய நம்பர் கேட்டீர்கள் என்று நிற்கலாம் என்றா? அப்படியென்றால் அப்போதே மெல்லியதை நினைத்துவிட்டேனா? அக்காவிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்த பிறகுமா?

அக்கா சொன்னது கனமானது. ஞாயிற்றுக்கிழமை, ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைக்கிற ஞாயிறு, எல்லோரும் அவருடைய காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது பிரிஜெட் அக்கா என்னைக் கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் கூப்பிட்டாள். முக்காட்டை எடுக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை, தொட்டியில் மிதந்த இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மச்சானுக்கு இருதயத்துக்குள்ளே ஒரு கதவு தடித்துப்போயிருக்கிறதாம், சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் விட்டுவிட்டுப் போனதாம், பினாங்கில் காட்டியிருக்கிறார்கள், பாரமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். இலையைத் தள்ளிவிட்டாள், அப்போதுதான் அவள் தோளைப் பார்த்தேன், கவுனின் கழுத்தோரம் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. ரப்பர் பால் வாளிகள் இரண்டையும் தோளில் வைக்கிற காண்டாக் கம்பின் இரண்டு முனையில் மாட்டிக்கொண்டு மரங்களுக்குள்ளே சுமந்து வருவது அவள்தான், பால் நிறுக்கிற கொட்டகைக்கு முந்தின திருப்பத்தில், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கண்ணில் படுவதற்குள், தோள் மாற்றிக்கொள்கிறார்கள், அங்கிருந்து அவர் சுமக்கிறார், அந்தக் கொஞ்ச தூரம் மட்டும். “தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க தம்பி. வேலை போனா வீடும் போச்சு. யாருகிட்டயும் வாயத் தொறக்காத. அவருகிட்டயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. நீ கனமான பைப்பா வாங்கு. நல்ல கனமா. தூக்கி ரெண்டு எட்டு வெச்சாருன்னா, முடியலன்னு அவரே எறக்கி வெச்சிருவாரு. நாம சொன்னாக் கேக்க மாட்டாரு தம்பி, இரும்பு சொன்னாக் கேப்பாரு.” சரிக்கா என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சரி. அவருக்கு அவமானம் இல்லை, யாருக்கும் விஷயம் தெரியப்போவதில்லை, பாரம் கூடிப்போச்சு, ஆளை மாத்துங்க என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும், எவ்வளவு நல்ல ஏற்பாடு, தண்ணீர்த் தொட்டியோரம் நிற்கும்போது எல்லாமே நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

ஆனால் அக்கா ஊர்வலக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் எப்படிக் கை தூக்கினார் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் பின்வரிசையில் இருந்தேன். யார் சுமப்பது என்று கிராணியார் கேட்டதும் உயரமான ஆட்களையெல்லாம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வால்டர் மச்சான் சுவரில் சாய்ந்துகொண்டு சும்மாதான் நின்றார், அவர் கை தூக்கியிருக்க மாட்டார், சத்தியமாகத் தூக்கியிருக்க மாட்டார். அவர்களுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிற அம்மாசிதான் கத்தினான். “வால்டரப் போடாதீங்க கிராணியாரே, அப்புறம் ரோபோவுக்குள்ள கவுன் தெரியும்.” கூட்டமே சிரித்தது, யாரோ விசிலடித்தார்கள், அம்மாசிக்கு இருதயமும் தெரியாது கதவும் தெரியாது, மரங்களுக்குள்ளே ஒரு நாள் அக்கா சுமந்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான், அவன் பார்வையில் அது ஒரு வேடிக்கை. சிரிப்பு அடங்குவதற்கு முன்னாலேயே மச்சானின் கை மேலே இருந்தது. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நானும் சிரித்தேனா? சிரித்திருப்பேன், அப்போது எனக்கும் தெரியாதே... இப்போது அக்காவிடமிருந்து ஒரு விஷயம், கூட்டத்திலிருந்து ஒரு விஷயம், இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன, இதை அவளிடம் சொல்ல முடியாது, அதை அவரிடம் சொல்ல முடியாது, நடுவில் நிற்கிறவனுக்குத்தான் கை வலிக்கிறது, தூக்கம் வேறு.

பஸ்ஸில் வரும்போது கேட்டுப் பார்த்தேன், நானே நடக்கிறேன் மச்சான், எனக்கும் ஆசையாக இருக்கிறது என்று. ஜன்னல் பக்கம் திரும்பி அவர் சிரித்த சிரிப்பில் முன்சீட்டு மலாய்க்காரப் பாட்டி திரும்பிப் பார்த்தாள். “நீயா? நீ உள்ள நின்னா ரோபோ முட்டி போட்டு செபம் பண்ற மாதிரி இருக்கும் லா.” சிரித்து முடித்துவிட்டு மூச்சு வாங்கினார், கொஞ்ச நேரம் வாங்கினார், இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படி மூச்சு வாங்கியிருப்பார், நான் சிரிப்பினால் என்றுதான் நினைத்திருப்பேன். ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதன்பிறகு அந்த மனிதனைப் பழையபடி பார்க்கவே முடியாது போலிருக்கிறது, இப்போது அவர் குனிந்தால் பயமாக இருக்கிறது, நிமிர்ந்தால் பயமாக இருக்கிறது, கடையின் படி ஏறினால் நானும் என் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

நடுவாந்தரமாக ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூட நாற்காலி செய்கிற குழாய், இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல், அது கிடைத்துவிட்டால் யாருக்கும் துரோகம் இல்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, கையை விரித்துவிட்டார், “ஹாபிஸ் லா தம்பி, முடிஞ்சி போச்சி,” நாற்காலிக் காண்ட்ராக்ட்காரன் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனானாம், அடுத்த லோடு மெர்டேக்காவுக்குப் பிறகுதானாம். சொல்லிவிட்டுச் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், சாப்பிட்டு முடித்துத்தான் அறுப்பாராம், அதற்குள்ளே எது என்று முடிவு பண்ணி வையுங்கள் என்று சோறு அள்ளுகிற குச்சியாலேயே இரண்டு குழாய்களையும் காட்டினார். நல்லது, அவர் மெதுவாகச் சாப்பிடட்டும். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடட்டும். தடித்த குழாயைக் கண்ணில் வைத்து அந்தப் பக்கம் பார்த்தேன், இருட்டான நீளத்துக்கு அப்பால் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள்ளே எதிர்க்கடைச் சுவர், ஒரு சைக்கிள் சக்கரம் வந்து போயிற்று, ஒரு பெண்ணின் குடை, பிறகு யாருமே இல்லாத வெயில். மெல்லியதில் பார்த்தாலும் அதே வெயில்தான், வட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. குழாய் என்று எதைச் சொல்கிறோம், இந்த வட்டமான வெறுமையையா, அதைச் சுற்றியிருக்கிற இரும்பையா? முழுக் கம்பியாக இருந்தால் இதைவிடக் கனம், ஆனால் அதே கனத்தைக் குழாயாக உருட்டிவிட்டால் இன்னும் நிறையத் தாங்கும், நடுவில் ஒன்றுமே இல்லாததால்தான் தாங்குகிறது, பறவைகளின் எலும்புகூட அப்படித்தானாம், எங்கோ படித்தது... அப்படியென்றால் மச்சானின் நெஞ்சுக்குள்ளேயும் வழி பெரிதாக, சுவர் மெலிதாக இருந்திருக்க வேண்டும், அங்கே போய் எதற்குத் தடித்தது, தடிக்க வேண்டிய இடமா அது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “என்னடா அழுவுற?” என்றார். நெருப்பைப் பார்த்த கண் என்றேன். பொய்யும் இல்லை.

மெல்லியதை வாங்கினால் என்ன ஆகும். எங்கள் ஆலையில் இருக்கிற கரண்டு மெஷினில் இதை ஒட்டுவது காகிதத்தில் சூடு போடுகிற மாதிரி, ஒரு கணம் அதிகம் நின்றால் ஓட்டை, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், எடுத்துவிடலாம், பொறுமையாகச் செய்தால் எடுத்துவிடலாம். ஆனால் தோளுக்கு மேலே வளைகிற இடம்... மெல்லிய குழாய் சொல்லிக்கொண்டு வளையாது. தடித்தது முனகும், கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கும், பார்க்கிறவனுக்கு நேரம் கொடுக்கும். இது கடைசி வரைக்கும் ஒன்றும் ஆகாத மாதிரி நின்றுவிட்டுச் சட்டென்று ஒரு பக்கம் நசுங்கி மடங்கும், காற்று பலமாக அடித்தால் போதும், தலையும் நெஞ்சும் பேட்டரியும் அப்படியே பிடரிமேல் இறங்கும், உள்ளே கைகள் இரும்புக் கைக்குள் மாட்டியிருக்கும், விழுந்தால் ஊன்றக்கூட முடியாது. தடித்ததை வாங்கினால் அது நடக்காது. தடித்தது நிற்கும். அவர்தான்... என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று நான் ஒதுங்கிவிடலாமா, ஒதுங்கினால் கிராணியார் டவுனிலிருந்து ஒட்டுக்காரனைக் கூப்பிட்டு வருவார், அவனுக்கு மச்சான் யாரோ, தோள் யாருடையதோ. இல்லை, தடித்ததுதான், அக்கா சொன்னது சரி, ரெண்டு எட்டு, அவ்வளவுதான், இரும்பு சொல்லும், அவர் கேட்பார், இறக்கி வைப்பார், நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன், அம்மாசி ஏதாவது சொல்வான், சொல்லிவிட்டுப் போகட்டும். முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ணியதும் அப்படி ஒரு களைப்பு, அங்கேயே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். “மச்சான், தடிச்சதே எடுத்துருவோம்” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் தடித்த குழாயின் அறுத்த வாயை விரலால் தடவினார். “சரி, பாத்துருவோம்” என்றார். பார்த்துவிடுவோமா, எதைப் பார்ப்பது என்று நான் திரும்புவதற்குள் அறுத்துக் கிடந்த தடித்த துண்டுகளில் மூன்றை ஒன்றாகச் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார், ஒரு முனையில் கடையிலிருந்த பெரிய பெயிண்ட் டின், மறுமுனையில் இன்னொரு டின், தவுக்கே குச்சியைத் தூக்கிக்கொண்டு “ஓய் ஓய்” என்றார், மச்சான் அதற்குள் முட்டியை மடக்கித் தோளைக் கொடுத்து எழுந்துவிட்டார். காண்டா தூக்குகிறவர்கள் எழுகிற மாதிரி, முதுகை வளைக்காமல், கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு. கடைகளுக்கு முன்னாலிருக்கிற அஞ்சடி நடையில் நடக்க ஆரம்பித்தார். ஒரு எட்டு. இரண்டு எட்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன், இதோ, இப்போது, இப்போது இறக்குவார். துணிக்கடையைத் தாண்டினார். மளிகைக்கடை வாசலில் வெங்காய மூட்டை வைத்திருந்தார்கள், பக்கவாட்டில் திரும்பி அதையும் தாண்டினார், டின்கள் ஆடவே இல்லை, அவருடைய ஓட்டநடை அப்படியே இருந்தது, பால் சிந்தாமல் வருகிறவர்களின் அந்தச் சின்னச் சின்ன வேகமான எட்டு. கடைசிக் கடை வரைக்கும் போய்த் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உதட்டோரம் ஒரு மாதிரி நீலம் ஏறியிருந்தது, வாய் திறந்திருந்தது, கால் மட்டும் நிற்கவில்லை, கால் எதையும் கேட்டுக்கொள்கிற மாதிரியே தெரியவில்லை... அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இவர்கள் யாரும் வாளியை வழியில் இறக்கி நான் பார்த்ததே இல்லை. சரிவில் வைத்தால் வாளி சாயும், சாய்ந்தால் அன்றைய பால் மண்ணோடு போகும், அதனால் தோளில் ஏற்றிவிட்டால் கொட்டகையில்தான் இறக்குவது, அப்பா அப்படித்தான், அம்மா அப்படித்தான், அக்காவும் இவரும் அந்தத் திருப்பத்தில்கூட வாளி தரையில் படாமல்தான் மாற்றிக்கொள்கிறார்கள். பாரம் கூடினால் இவர்களுடைய கால் இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாதா, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா, அக்காவுக்குத் தெரியாதா, அவள் தோளே அப்படிக் காய்த்திருக்கிறதே... பிறகு எப்படி இரண்டு பேருமே இரும்பு சொன்னால் கேட்பார் என்று நம்பினோம்?

கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார், ஆனால் இறக்கவில்லை. தவுக்கே கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார், “மானா சத்து, தம்பி? எது வெட்றது?” என்று என்னைத்தான் கேட்டார். ரம்பம் இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இருந்தது. மச்சான் பாரத்தோடேயே என் பக்கம் திரும்பினார், மூச்சைப் பிடித்துப் பிடித்து, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, தவுக்கேவுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“பிரிஜெட்டு ஒங்கிட்ட சொல்லிட்டா. எனக்குத் தெரியும் லா, பஸ் ஏறுனதுலேருந்து நீ என் மூஞ்சியப் பாக்கல. அத விடு, அவள ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ இரும்பு தெரிஞ்சவன். ரெண்டுல எதப் போட்டா நான் திடலு வரைக்கும் போய்ச் சேருவேன்? என்னைப் பாத்துச் சொல்லு மாப்ளே.”